நாற்பது நிமிடம் இருந்த வரி

சட்டாம்பிள்ளை என்ற பெயரை அவருக்கு வைத்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. அவருடைய கூட்டாளிகளில் ஒருவரான மாட்டு டாக்டர், தான்தான் என்று மார்தட்டுகிறார். பெயர் பொருந்தியதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டைச் சோதித்து, சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவருடைய தொழில். கம்பிவடத்தைத் தடவிப் பார்ப்பார், பிரேக்கைப் போட்டுப் பார்ப்பார், எல்லாம் சரியாக இருந்தாலும் விடமாட்டார். மெக்கானிக் எழுதி வைத்திருக்கும் பராமரிப்புப் பதிவேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம்வரை புரட்டுவார். ஒரு தேதி விட்டுப் போயிருந்தால் போச்சு, அந்தக் கட்டடத்துக்காரர்கள் ஒரு வாரம் மாடிப்படியில் மூச்சு வாங்க வேண்டியதுதான். அப்படி மூச்சு வாங்கியவர்கள் அவருக்கு வேறு பெயர்களும் வைத்திருந்தார்கள். அவை இங்கே எழுதத் தக்கவை அல்ல.

வீட்டிலும் அதே கதைதான். மின்விசிறியின் சுவிட்ச் எது, விளக்கின் சுவிட்ச் எது என்று சீட்டு ஒட்டியிருப்பார். மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "என்னையே ரெண்டு பேர் பாத்து சரின்னு எழுதிக் குடுத்த பிறகுதான் கட்டிக்கிட்டாரு." அவர் சிரிக்கமாட்டார். அதில் தப்பு என்ன இருக்கிறதென்று அவருக்கு உண்மையிலேயே புரியாது.

இப்படிப்பட்ட மனிதர் கணினி நிரல் எழுதப் போனது மச்சானுக்காக. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர், படிப்பதைத் தவிர வேறு சுகம் அறியாதவர். சர்க்கரை வியாதி அவருடைய கண்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டபோது தங்கை வீட்டோடு வந்துவிட்டார். அவருக்காகத் தேடியபோது கிடைத்ததுதான் வாயாடி. கணினித் திரையில் உள்ளதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் அது. யாரும் விலைக்கு விற்கவில்லை. எழுதிய நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடந்தது. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். ஆனால் அனுப்பியதை உள்ளே சேர்க்கும் அனுமதி மூன்று நாலு பேருக்குத்தான். அந்த அனுமதியைத்தான் அவர்கள் தங்களுக்குள் சாவி என்றார்கள். மச்சானுக்கு ஒரு சின்னத் திருத்தம் செய்யப்போய், இரண்டாவது செய்து, மாலை வகுப்பில் சேர்ந்து முறையாகக் கற்று, ஏழாவது வருடத்தில் லிஃப்ட் பரிசோதகர் சாவிக்காரர்களில் ஒருவராக ஆகிவிட்டார்.

ஆனதும் அவர் செய்த முதல் காரியம் விதி எழுதியது. அதுவரை வாயாடியை உண்டாக்கிய பெரியவரும், அவரோடு சாவி வைத்திருந்த மாட்டு டாக்டரும் வாய்வார்த்தையாகவே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் பதினான்கு பக்கம் எழுதினார். சாவி என்பது உரிமை அல்ல, பொறுப்பு என்று தொடங்கும். தான் எழுதிய நிரல் வரியைத் தானே உள்ளே சேர்க்கக் கூடாது, இன்னொரு சாவிக்காரர் படித்துச் சரி என்று எழுதிய பிறகே சேர்க்க வேண்டும். உள்ளே போன வரி தவறென்று தெரிந்தால் அதை அழிக்கக் கூடாது, மாற்று வரி எழுதித்தான் திருத்த வேண்டும், எந்த வரியை யார் எப்போது சேர்த்தார் என்று காட்டும் பதிவில் தவறு நடந்தது நடந்ததாகவே நிற்க வேண்டும். ஏதாவது உடைந்தால், யாருடைய வரியால் என்று தோன்றுகிறதோ அவர் விசாரணை முடியும்வரை சாவியைத் திருப்பித் தர வேண்டும். விசாரணை அறிக்கை பதினாலு நாளுக்குள் வந்தாக வேண்டும். அறிக்கை எழுதுகிறவர் யார்? வேறு யார், அவர்தான்.

விதியை எழுதியதோடு விட்டாரா? ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தற்காலிகச் சாவி வாங்கி, ஒரே ஒரு காற்புள்ளியை யாரையும் கேட்காமல் மாற்றிவிட்டார். அவருக்கு எல்லோரும் படிக்கும் மடல் குழுவில் மூன்று பத்தி அர்ச்சனை நடந்தது. "இன்று காற்புள்ளி, நாளை எதுவோ" என்று அதில் ஒரு வரி. வாத்தியார் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சட்டாம்பிள்ளைக்கு அதில் அப்போது வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

நாலாவது சாவி எறும்பினுடையது. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்கத் தொலைபேசியில் புகார் கேட்டுத் தட்டச்சு செய்யும் பெண். பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. சின்னச் சின்னத் திருத்தமாக வாரம் தவறாமல் அனுப்பிக்கொண்டே இருந்ததால் எறும்பு என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டாள். வாயாடியின் வேகத்தை அவள் உச்சத்தில் வைத்துத்தான் கேட்பாள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது நிலையம் கிடைக்காத ரேடியோ போல வெறும் இரைச்சலாகக் கேட்கும். அவளுக்கு அதில் ஒரு எழுத்து தப்பாது. "சோதிக்கும்போது உச்ச வேகத்திலும் கேட்டுப் பாருங்க சார், உண்மையா வேலை பாக்கிறவங்க எல்லாரும் அந்த வேகத்துலதான் இருக்கோம்" என்று அவள் சொல்லித்தான் அது ஒரு விதியாகவே சேர்ந்தது.

விதிப்படி இரண்டு வருடம் ஒழுங்காகத் திருத்தம் அனுப்பியவருக்குச் சாவி தரலாம். எறும்புக்கு நாலு வருடம் ஆயிற்று. முதல் தடவை பெரியவர் கேட்டபோது, "இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும்" என்றார் சட்டாம்பிள்ளை. மறுவருடமும் அதையே சொன்னார். என்ன பக்குவம் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மூன்றாவது தடவை மாட்டு டாக்டர், "யோவ், அது பழுத்து விழுந்துரும்யா" என்று சத்தம் போட்ட பிறகுதான் சாவி அவள் கைக்குப் போனது. போய் ஒன்பதாவது நாள்தான் அந்தப் புதன்கிழமை.

மச்சான் வாயாடியை மெதுவாகத்தான் கேட்பார். அவசரமாகப் படிக்கிறவன் பிழை திருத்த லாயக்கில்லை என்பது அவர் கட்சி. ஆனால் மெதுவாக வைத்தால் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே இடைவெளியும் நீண்டுவிடும். "மாப்பிள்ளை, ஒரு முற்றுப்புள்ளிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல நான் எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்துடலாம் போலிருக்கு" என்று மாதக்கணக்கில் அலுத்துக்கொண்டிருந்தார். சட்டாம்பிள்ளை ஒரே ஒரு வரி எழுதினார். வேகத்தை வைத்து இடைவெளியைக் குறைக்கும் வரி. திங்கட்கிழமை மற்றவர்கள் பார்வைக்கு அனுப்பினார். பெரியவர், மகளின் பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்தார். டாக்டர் மாட்டு முகாமில், சிக்னல் கிடைக்காத இடத்தில் இருந்தார். செவ்வாய் போயிற்று. அன்று விடுப்பில் வீட்டில் இருந்தவருக்குப் புதன் காலை பத்து மணிக்கும் பதில் இல்லை.

எறும்பிடம் கேட்டிருக்கலாம். சாவி வைத்திருக்கிறாள், அன்று காலை ஒன்பதுக்கு அவளுடைய வரி ஒன்று உள்ளே போயிருந்தது, ஆள் அங்கேதான் இருந்தாள். அவர் கேட்கவில்லை. நேரமில்லை, அவளைத் தொந்தரவு செய்வானேன் என்று அப்போது மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல என்று அவருக்கே தெரியும். நாலு வருடம் வாசலில் நிற்க வைத்தவளிடம் போய், என் வரியைப் பார்த்துச் சரியா சொல் என்று நிற்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு வரிதானே, நான் எழுதியதுதானே என்று பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தானே உள்ளே தள்ளிவிட்டார். தனக்கென்று வரும்போது காற்புள்ளிக்கும் ஒரு முழு வரிக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பத்தேகாலுக்கு மச்சானின் அறையிலிருந்து குரல் வந்தது. "அடேயப்பா! இப்பத்தான் மனுஷன் படிக்கிற மாதிரி இருக்கு. மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளைதான்!" சட்டாம்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. மனைவி கொண்டுவந்த டீயை அனுபவித்துக் குடித்தார்.

பத்தரைக்குப் பயனர்களின் மடல் குழுவைத் திறந்தார். முதல் மடல் ஒரு பள்ளி ஆசிரியையினுடையது, கைபேசியிலிருந்து வந்தது. "வகுப்பு நடுவில் நிற்கிறேன். வாயாடி பேசவில்லை. யாராவது உதவுங்கள்." அதற்குக் கீழே ஒரு வழக்கறிஞர். அதற்குக் கீழே வானொலியில் செய்தி வாசிப்பவர். அப்புறம் பதினோரு பேர். எல்லோரும் புதிய பதிப்பை வந்த உடனே இறக்கிக்கொள்கிறவர்கள், எல்லோரும் உச்ச வேகக்காரர்கள். அவருடைய கணக்கு மச்சானின் வேகத்துக்குச் சரியாக வந்தது. வேகம் உச்சத்துக்குப் போனால் இடைவெளி பூஜ்யத்துக்கும் கீழே போனது, வாயாடி என்ன செய்வதென்று தெரியாமல் முதல் வாக்கியத்தோடு வாயை மூடிக்கொண்டது. உச்ச வேகத்தில் வைத்து ஒரு தடவை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இதுவரை நடந்தது தப்பு. தப்பு யாருக்கும் வரும். மாற்று வரி ஒன்று எழுதி, "என் வரியால் வந்தது, திரும்ப எடுக்கிறேன்" என்று போட்டிருந்தால் நாலு பேர் கிண்டல் செய்திருப்பார்கள். ஒரு வாரத்தில் மறந்துமிருப்பார்கள். ஆனால் அவருக்கு அந்தக் கணத்தில் கண்முன் வந்து நின்றது கணக்கு வாத்தியார். வாத்தியார் இதைப் படிப்பார், மாட்டு டாக்டர் சிரிப்பார், எறும்பு தன் ரேடியோ இரைச்சலில் இதைக் கேட்பாள் என்று நினைத்ததும் காது மடல் சூடாயிற்று. பதிவிலிருந்து எதையும் அழிக்க முடியாதபடி ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டைப் போட்டவரும் அவர்தான். அதைத் திறந்தார். தன் வரியை இருந்த சுவடு தெரியாமல் அழித்தார். பூட்டைத் திரும்பப் போட்டார், பயனர்களுக்கு நேற்றைய பதிப்பையே திருப்பி வைத்தார். பதினோரு மணிக்கு எல்லோருடைய கணினியும் மறுபடி பேசத் தொடங்கியது. ஆசிரியை நன்றி சொல்லி எழுதினார். அந்த நன்றிக்கும் அவர் பதில் போட்டார்.

அழித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். பதிவில் இப்போது கடைசி வரி எறும்பினுடையது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அதுவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளைப் பற்றிய வரி. உடைந்ததோ வேகத்தில். பெரியவர் மருத்துவமனையிலிருந்தே பார்த்துவிட்டு, "எறும்பு, உன் வரியாக இருக்குமோ?" என்று பதமாகக் கேட்டிருந்தார். முகாமுக்குப் போகும் முன்பே அந்த வரிக்குச் சரி சொல்லியிருந்த மாட்டு டாக்டர் அங்கிருந்து வந்து, "நான் சரியாத்தானே பாத்தேன்?" என்று தலையைச் சொறிந்தார்.

பன்னிரண்டு மணிக்கு எறும்பு சட்டாம்பிள்ளைக்குத் தனி மடல் அனுப்பினாள். "சார், கடைசி வரி என்னுடையது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு தேடியும் அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. பதிவு இருக்கும் சர்வர் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், உடைந்தது என் வரியாலா?"

அவர் ஐந்து நிமிடம் அந்த மடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். "அப்படித்தான் தெரிகிறது. மனத்தைத் தளரவிட வேண்டாம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான்."

பொய்யைவிட அந்த ஆறுதல்தான் பின்னாட்களில் அவரை அதிகம் தின்றது. மனத்தைத் தளரவிட வேண்டாமாம்! குழியில் தள்ளிவிட்டு, மேலே நின்று, 'பார்த்து நடம்மா' என்று சொல்கிற தயாள குணம்.

ஒரு மணிக்கு எறும்பின் மடல் பொதுக் குழுவில் வந்தது. விதிப்படி விசாரணை முடியும்வரை சாவியைத் திருப்பித் தருகிறேன் என்று ஒரே வரி. பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்க வேண்டியவர் சட்டாம்பிள்ளை. எடுத்தார். விரல் அது பாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது.

பதினாலு நாளில் அறிக்கை எழுத வேண்டும். அதில் பெயர் வந்தால் பழைய சாவிக்காரருக்கு மூன்று மாதத் தடை, புதியவர் என்றால் மறுபடி முதலிலிருந்து என்பது விதி. எறும்பின் பெயரைப் போட்டால் அவள் சாவி போனது போனதுதான், இன்னொரு நாலு வருடம் யார் நிற்பார்கள்? தன் பெயரைப் போட்டால் இவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? முதல் நாள் கோப்பைத் திறந்து தேதி மட்டும் எழுதினார். இரண்டாம் நாள் தேதியின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார். இப்படியே நாள் போயிற்று.

வீட்டில் மச்சான் வேறு. அவருக்கு மடல் குழு என்றால் தொடர்கதை மாதிரி. காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாயாடியைப் படிக்கச் சொல்லிக் கேட்பார், பிறகு விமரிசனம் செய்வார்.

"அந்த எறும்புப் பொண்ணு பாவம்தான், இல்லேங்கல. ஆனா புதுசா சாவியைக் குடுத்தா இப்படித்தான் மாப்பிள்ளை. நீங்க அப்பவே சொன்னீங்க, பக்குவம் வரட்டும்னு. யாரு கேட்டாங்க?"

சட்டாம்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஆனா ஒண்ணு, நீங்க போட்ட அந்த இடைவெளி வரியும் சேந்து போயிடுச்சே. மறுபடி முகம் கழுவிட்டு வர்ற கதைதான். அதையாவது திரும்பப் போட்டுக் குடுங்களேன்."

"பாக்கலாம் மச்சான்."

"உங்க வரி சுத்தமா இருந்துச்சு. என் மாப்பிள்ளை வேலைன்னா அதுல குத்தம் கண்டுபிடிக்க ஒருத்தன் பொறந்து வரணும்."

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தார். சமையலறைக்குப் பின்னாலேயே வந்தாள் மனைவி.

"என்னங்க, ஒரு வாரமா பாக்கிறேன். தட்டுல வெச்சது வெச்சபடி இருக்கு. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவர் எங்க அண்ணன் உங்களைப் புகழ்ந்தா ஏன் தேள் கொட்டின மாதிரி எழுந்து ஓடுறீங்க? வழக்கமா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவீங்களே."

அவர் குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காமல் துண்டை நீட்டினாள், அதை வாங்கும்போது அவளை நேராகப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஒரு ஆறுமாடிக் கட்டடத்தில் சோதனை. லிஃப்ட் நன்றாகத்தான் இருந்தது. பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் வெள்ளை மை பூசி எதையோ அழித்து, மேலே வேறு தேதி எழுதியிருந்தது. இயந்திர அறையில் எண்ணெய்த் துணியோடு நின்ற மெக்கானிக்குக்கு முகம் வெளுத்தது. பத்து வருடமாக இவரைத் தெரிந்தவர். இப்போது இடி இறங்கும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

இடி இறங்கவில்லை. சட்டாம்பிள்ளை அந்த வெள்ளைத் திட்டைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்தார். வழக்கமான வசனம் தொண்டைவரை வந்தது. "அழிக்கிறவன் எதையும் செய்வான்" என்பது அதன் முதல் வரி. சொல்ல முடியவில்லை.

"சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் மெக்கானிக், நிஜமான கவலையோடு.

"இதுல என்ன இருந்துச்சு?"

"ரெண்டாம் தேதி வந்ததா எழுதிட்டேன் சார். வரல. அஞ்சாம் தேதிதான் வந்தேன். நீங்க வர்றீங்கன்னதும் பயந்துபோய் அழிச்சிட்டேன். என் தப்புதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

ஐந்து வாக்கியம். மூச்சு வாங்காமல் சொல்லிவிட்டு, அந்த ஆள் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்பது போல நின்றார். சட்டாம்பிள்ளைக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. தன்னிடம் நடுங்குகிற ஒரு மனிதன் ஐந்து வாக்கியத்தில் முடித்ததைத் தன்னால் பன்னிரண்டு நாளாகத் தொடங்கவே முடியவில்லையே என்று கூனிக் குறுகிப் போனார். "பக்கத்துல சரியான தேதியை எழுதி, கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த இயந்திர அறையிலிருந்து ஆறு மாடியும் படியிறங்கியே வந்தார். நல்ல லிஃப்ட் பக்கத்திலேயே சும்மா நின்றது.

மறுநாள் காலை விடுப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்து அறிக்கை எழுதினார். திங்களன்று அனுப்பியது, புதனன்று தானே சேர்த்தது, ஏன் எறும்பிடம் கேட்கவில்லை என்பது, உச்ச வேகத்தில் சோதிக்காதது, அழித்தது, அவளுக்கு எழுதிய பதில் எல்லாவற்றையும் எழுதினார். எறும்பின் வரியில் எந்தத் தப்பும் இல்லை என்று தனியாக ஒரு பத்தி வைத்தார். விதிப்படி மூன்று மாதத்துக்குத் தன் சாவியை ஒப்படைப்பதாக முடித்தார். கணக்கு வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்த்தார். பத்து மணிக்குப் பொதுக் குழுவுக்கு அனுப்பினார்.

அனுப்பியதும் எழுந்து எங்காவது போயிருக்கலாம். கால் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் அடுத்த அறையில் வாயாடி அதைப் படிக்கத் தொடங்கியது. மச்சானின் வேகம். ஒரு வாக்கியம், நீண்ட இடைவெளி, அடுத்த வாக்கியம். தான் செய்ததையெல்லாம் உணர்ச்சியே இல்லாத அந்தக் குரல் நிறுத்தி நிறுத்திச் சொல்லக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றுவிட்டது. அவளுக்கும் கேட்டது. மொத்தம் ஒன்பது நிமிடம்.

முடிந்த பிறகு மச்சான் வாயாடியை நிறுத்தினார். அப்புறம் தொண்டையைச் செருமினார். "பிழை ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை" என்றார். முப்பது வருடப் பழக்கம்.

பத்து நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

"சார், எறும்பு பேசறேன். டீ இடைவேளையில இருக்கேன், பத்து நிமிஷம்தான் இருக்கு."

"சொல்லுங்கம்மா. நான் உங்களை எப்படி…"

"இருங்க சார். அறிக்கையைக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது பத்தியில ஒரு வார்த்தை தப்பா இருக்கு. 'பதற்றத்தில் தவறுதலாக அழித்துவிட்டேன்'னு போட்டிருக்கீங்க. பூட்டைத் திறந்து, அழிச்சு, மறுபடி பூட்டினா அது தவறுதலா எப்படி ஆகும்?"

அந்த வார்த்தை தானாக வந்து விழுந்தது என்று சொல்ல நினைத்தார். அதுவும் பொய்தான்.

"ஆமாம். தவறுதலா இல்ல."

"திருத்திடுங்க."

"திருத்திடறேன். உங்களுக்குப் பூட்டு விஷயம் எப்படி…"

"அன்னிக்கே தெரியும் சார், பூட்டைத் திறக்காம எதையும் அழிக்க முடியாதே. நான் மத்தவங்க மாதிரி செஞ்சு வெச்ச பதிப்பை எடுக்க மாட்டேன், நிரலையே பதிவோட நேரா இறக்கிக்குவேன். பத்து இருபதுக்கு இறக்கினேன், வாயாடி ஊமையாயிடுச்சு. பழைய பதிப்பைப் போட்டுக் கடைசி வரி யாரோடதுன்னு கேட்டா உங்க பேரைச் சொல்லுச்சு. பதினோரு மணிக்கு மறுபடி இறக்கினா, அந்த வரியே இல்ல. ஆனா என் பிரதியில இருக்கே. இன்னிக்கும் இருக்கு."

நிரலை நேராக இறக்குகிற ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் பதிவும் பிரதியாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? புதிதாக வருபவர்களுக்கு அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். நாற்பது நிமிடத்தில் யார் இறக்கியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தார்.

"அப்போ உங்க வரியாலான்னு என்கிட்ட ஏன் கேட்டீங்க?"

"சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு வழி இருக்கட்டும்னுதான் கேட்டேன். நீங்க எனக்கு ஆறுதல் சொன்னீங்க."

மறுமுனையில் கரண்டி கோப்பையில் மோதும் சத்தம் கேட்டது.

"எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமேம்மா. நான் அதுக்குத் தகுதியானவன்தான்."

"சொல்லியிருக்கலாம். ஒன்பது நாள் முன்னாடி சாவி வாங்கினவ, அதைக் குடுக்காம நாலு வருஷம் நிறுத்தி வெச்சவர் மேல பழி போடறான்னு ஆகியிருக்கும். பதினாலாவது நாள் உங்க அறிக்கை வரட்டும், அதுலயும் என் பேர் இருந்தா அப்போ என் பிரதியை வெளியில எடுக்கலாம்னு இருந்தேன். நாளைக்குத்தான் பதினாலு."

"உங்க சாவியை இன்னிக்கே பெரியவர் திருப்பிக் குடுத்துடுவார். சொல்லிட்டேன்."

"வாங்கிக்கிறேன். அது என்னோடது. உங்களோடதையும் மூணு மாசம் கழிச்சு வாங்கிக்குங்க, விதியில இருக்கு. எனக்கு அதுல ஆட்சேபணை இல்ல. ஆனா சார், நான் எழுதற எதையும் இனிமே நீங்க பாத்துச் சரி சொல்ல வேண்டாம். டாக்டர் பாக்கட்டும். அவர் ஊர்ல இல்லேன்னா நான் காத்திருக்கேன். காத்திருந்து எனக்குப் பழக்கம்தான்."

"சரிம்மா."

"புகார் லைன் அடிக்குது. வெச்சுடறேன்."

அவர் அறிக்கையைத் திறந்தார். அனுப்பியதை அழிக்காமல், அதற்குக் கீழே ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். "'தவறுதலாக' என்பது தவறு. தெரிந்தே அழித்தேன்."

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மூன்று மாதம் கழித்துச் சாவி திரும்பி வந்தது. பெரியவர் பழையபடி பேசுகிறார், டாக்டர் பழையபடி கிண்டல் செய்கிறார், எறும்பு மாதக் கூட்டத்தில் மரியாதை குறையாமல் வணக்கம் சொல்கிறாள். அவளுடைய வரிகள் இப்போதும் வாரம் தவறாமல் வருகின்றன. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தால் அவை மூன்று நாள், நாலு நாள் அப்படியே கிடக்கும். சட்டாம்பிள்ளை தினமும் காலையில் அவற்றைத் திறந்து, வேகத்தை உச்சத்தில் வைத்து, ஒன்றும் புரியாத அந்த இரைச்சலைக் காதுகொடுத்துக் கேட்டுச் சோதிக்கிறார். எல்லாம் சரியாகவே இருக்கின்றன. சரி என்று எழுத வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, மூடிவைத்துவிட்டு, வேலைக்குக் கிளம்புகிறார்.